மேகம் மறைத்த வெள்ளி
(வானியல் அறிஞர் லெ ழாந்தியின் வாழ்க்கை)

வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் உலகில் இல்லை. பாகூர் ஏரிக்கரையில் இரவு நீர் பாய்ச்சக் காத்திருக்கும் உழவரும், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வெயிற்கால இரவைத் திண்ணையில் கழிக்கும் முதியவரும், என்றேனும் ஒரு நாள் பெயர் தெரியாத ஒளி ஒன்று வானில் நகர்வதைக் கண்டிருப்பர். அது என்ன என்று கேட்பது மனித இயல்பு. கேட்டுவிட்டு உறங்கப் போவது பெரும்பாலோர் வழக்கம். கேட்ட கேள்விக்காகத் தன் வாழ்நாளில் பதினோராண்டுகளைக் கொடுத்தவர் ஒருவர் நம் புதுச்சேரி மண்ணில் வாழ்ந்திருக்கிறார். அவர்தாம் பிரெஞ்சு வானியல் அறிஞர் கியோம் லெ ழாந்தி. வெற்றி பெற்றவர்களின் வரலாறுகளை நாம் நிறையப் படித்துவிட்டோம். தோற்றவர் ஒருவரின் வரலாற்றைப் படிப்பதும் மாணவர்களாகிய நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

லெ ழாந்தி 1725-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். சமயப் பணிக்குச் செல்வதே அவருடைய முதல் நோக்கமாக இருந்தது. பாரிசு நகரில் இறையியல் பயின்றுகொண்டிருந்தபோது, தெலீல் என்னும் வானியல் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்கச் சென்றார். அதன்பின் அவருடைய உள்ளம் வானத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பாரிசு வானாய்வுக் கூடத்தில் கசினி குடும்பத்தாரிடம் பயிற்சி பெற்றார். 1753-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்து வானியலாரை மிகவும் குழப்பியவை மங்கலான ஒளித் திட்டுகள். ஒரு திட்டைக் கண்டால் அது வால்மீனா, விண்மீன் கூட்டமா, வெறும் கண்மயக்கா என்று எளிதில் சொல்ல முடியாது. அதன் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் வால்மீன், நகராதிருந்தால் வேறு பொருள். லெ ழாந்தி இப்பணியில் கைதேர்ந்தவர். ஆந்திரோமேடா பெருங்கூட்டத்தின் அருகேயுள்ள சிறு துணைக்கூட்டத்தை 1749-இல் கண்டறிந்தவர் அவரே. பின்னர் மெசியே தொகுத்த பட்டியலில் அது 32-ஆம் எண்ணைப் பெற்றது. அடையாளம் தெரியாத ஒன்றுக்கு அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல், பொறுமையோடு குறித்துவைத்து அடையாளம் காண்பது என்ற பழக்கம் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

வெள்ளி இடைநகர்வு

கதிரவனுக்கும் பூமிக்கும் இடையே வெள்ளிக்கோள் நேர்க்கோட்டில் வரும்போது, கதிரவனின் ஒளித்தட்டின் மீது ஒரு கரும்புள்ளி ஊர்ந்து செல்வதைக் காணலாம். இதுவே வெள்ளி இடைநகர்வு. இது இரண்டு இரண்டாக நிகழும். முதலாவது நிகழ்ந்து எட்டாண்டுகளில் இரண்டாவது வரும். பிறகு நூறாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் அது 1761-இலும் 1769-இலும் நிகழவிருந்தது.

இதற்காக ஏன் உலகத்து அறிஞர்கள் எல்லாம் துடித்தார்கள்? கட்டை விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அந்த மாற்றத்தின் அளவைக் கொண்டு விரலின் தொலைவைக் கணக்கிடலாம். அதுபோலவே பூமியின் வெவ்வேறு மூலைகளில் நின்று வெள்ளியைப் பார்த்தால், அது கதிரவன் மீது செல்லும் பாதை சற்று மாறித் தெரியும். கடக்கும் நேரமும் மாறும். அந்த நேரங்களை ஒப்பிட்டால் கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று ஆங்கில அறிஞர் ஹாலி 1716-இல் எடுத்துரைத்தார். ஓர் இடத்தில் ஒருவர் பார்த்தால் போதாது. பல இடங்களில் பலர் ஒரே நாளில் பார்க்க வேண்டும். ஆகவே பல நாடுகள் தம் அறிஞர்களைத் திசைக்கொருவராக அனுப்பின. பிரெஞ்சு நாட்டின் சார்பில் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் லெ ழாந்தி.

கடலில் ஒரு நாள்

1760 மார்ச் 26-ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். சூலை 10-இல் மொரீசியஸ் தீவை அடைந்தார். அப்போது பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதே 1760-ஆம் ஆண்டில்தான் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரி முற்றுகைக்குள் சிக்கியது. நகரில் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை 1761 சனவரி 12-இல் கண்மூடினார். அடுத்த சில நாட்களில் நகரம் வீழ்ந்தது. மாளிகைகளும் கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டன.

இவை எதுவும் அறியாத லெ ழாந்தி, 1761 மார்ச்சில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். பருவக்காற்று கப்பலை அலைக்கழித்தது. மே மாத இறுதியில் மாகே கரையை நெருங்கியபோதுதான் மாகேயும் புதுச்சேரியும் எதிரியிடம் வீழ்ந்த செய்தி எட்டிற்று. கப்பல் திரும்பிவிட்டது.

1761 சூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி கதிரவனைக் கடந்தது. லெ ழாந்தி அதைக் கண்ணாரக் கண்டார். ஆனால் அவர் நின்றது ஆடும் கப்பலின் தளத்தில். ஊசல் கடிகாரம் அங்கே ஒழுங்காக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் நெடுங்கோடும் திட்டமாகத் தெரியாது. நேரமும் இடமும் இல்லாத கணிப்பு அறிவியலுக்குப் பயன்படாது. கண்டும் காணாதவர் ஆனார் அவர். அதே நாளில் சென்னையில் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஆளுநர் மாளிகையிலிருந்து இடைநகர்வைக் கணித்துக் குறித்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் போரின் கொடுமை விளங்கும்.

எட்டாண்டுக் காத்திருப்பு

வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். லெ ழாந்தி திரும்பவில்லை. அடுத்த இடைநகர்வு வரை இந்தியப் பெருங்கடற் பகுதியிலேயே இருப்பது என்று முடிவு செய்தார். அந்த ஆண்டுகளையும் அவர் வீணாக்கவில்லை. மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் எழுதினார். காற்றையும் கடலோட்டத்தையும் ஆராய்ந்தார். 1766-இல் பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகருக்குச் சென்று அங்கிருந்தே 1769-இன் நிகழ்வைக் காணத் திட்டமிட்டார். ஆனால் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். பாரிசிலிருந்த கழகத்தாரும் புதுச்சேரியே தக்க இடம் என்று கருதினர். 1763-ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைப்படி புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. எனவே 1768 மார்ச் 27-ஆம் நாள் லெ ழாந்தி புதுச்சேரிக் கரையில் இறங்கினார்.

புதுச்சேரியில்

இடிபாடுகளிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த நகரம் அவரை அன்புடன் வரவேற்றது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வேண்டிய உதவிகள் யாவும் செய்தார். இடிந்த பழைய கோட்டையின் எஞ்சிய கனத்த சுவர்களின் மீது வானாய்வுக் கூடம் ஒன்று எழுந்தது. நேற்றுவரை பகைவராக இருந்த சென்னை ஆங்கிலேயரும் நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்து உதவினர். போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்களை வானம் ஒன்றுசேர்த்தது எனலாம்.

ஓராண்டுக்கு மேல் அவர் கருவிகளைச் செப்பம் செய்தார். புதுச்சேரியின் நெடுங்கோட்டையும் அகலக்கோட்டையும் நுட்பமாகக் கணித்தார். இம்முறை எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்பதே அவர் உறுதி. 1769 மே மாதத்துக் காலைகள் தெளிவாக இருந்தன. குறித்த நாளுக்கு முந்திய மாலையில் ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோளைத் தொலைநோக்கியில் கண்டு மகிழ்ந்தனர்.

இரவு இரண்டு மணியளவில் விழித்து வெளியே வந்தார் லெ ழாந்தி. வானம் முழுதும் மேகம். காற்று எழுந்தது, மேகம் கலையவில்லை. சூன் 4-ஆம் நாள் கதிரவன் உதித்தபோது வெள்ளி அதன் தட்டின் மீது இருந்தது. ஆனால் புதுச்சேரிக்குத் தெரிந்தது வெண்மையான மேகத்திரை மட்டுமே. ஏழு மணிக்குச் சற்று முன் இடைநகர்வு முடிந்தது. முடிந்த பிறகு மேகம் விலகியது. கதிரவன் பளிச்சென்று வெளிப்பட்டு அன்று முழுவதும் ஒளி வீசினான். எட்டாண்டுத் தவம் ஒரு காலை மேகத்தில் கரைந்தது.

அவர் விட்டு வந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்தது. இதைப் பின்னர் அறிந்தபோது அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! பல நாட்கள் அவரால் பேனாவையே தொட முடியவில்லை. பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதும் வலிமைகூட அவருக்கு இல்லாமற் போயிற்று.

சோழியும் வாக்கியமும்

ஆனால் லெ ழாந்தியின் புதுச்சேரி வாழ்வு இந்த ஒரு காலையோடு முடிந்துவிடவில்லை. இங்கே அவர் கண்ட இன்னொரு வானம் உண்டு. அது தமிழர்களின் நெஞ்சில் இருந்த வானம்.

இவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் தொலைநோக்கி இல்லாமல் கிரகணங்களைக் கணக்கிடுவதை அவர் கேள்வியுற்றார். அவர்களை நாடிச் சென்று மாணவராக அமர்ந்தார். தமிழ்நாட்டின் வாக்கிய முறையில் நிலவின் நாள்தோறும் மாறும் இருப்பு 248 வாக்கியங்களில் அடக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களைக் குறிக்கும். வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டவர்க்கு அட்டவணைப் புத்தகமே வேண்டாம். சோழிகளைத் தரையில் பரப்பிக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் விடை காண்பர்.

1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கொண்டு இம்முறையைச் சோதித்துப் பார்த்தார் லெ ழாந்தி. கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் மிகச் சிறந்தவை என்று போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 விநாடி கூடுதலாகக் காட்டின. இவ்வுண்மையை அவர் ஒளிக்காமல் தம் நூலில் எழுதி வைத்தார்.

நாமும் நடுநிலை தவறக் கூடாது. 1825-இல் சென்னையில் வெளியான காலசங்கலித நூலில், வாரன் என்னும் அறிஞர் புதுச்சேரிக் கணிதர் ஒருவர் சோழிகளால் கிரகணம் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். அந்தக் கணக்கில் கிரகணத் தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. முடிவோ 52 நிமிடம் பிழைத்தது. பழையது என்பதாலேயே எல்லாம் சரி என்பதும் தவறு. பழையது என்பதாலேயே எல்லாம் பிழை என்பதும் தவறு. கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்ப்பதே அறிவியல். லெ ழாந்தி செய்தது அதுதான்.

வானத்தை மட்டுமன்றி மண்ணையும் அவர் கண் விட்டு வைக்கவில்லை. அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினப் பகுதியில் பழைய பெருஞ்செங்கற்களை மக்கள் தோண்டி எடுப்பதையும், அமர்ந்த நிலையிலிருந்த கற்சிலை ஒன்றையும் கண்டு எழுதினார். அச்சிலை புத்தர் வடிவத்தை ஒத்திருப்பதை உணர்ந்தார். ஏறத்தாழ இருநூறாண்டுகள் கழித்து அகழ்வாய்வால் உலகப் புகழ் பெற்ற அரிக்கமேடு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இறந்தவர் திரும்பினார்

1770 மார்ச்சில் நோயுற்ற உடலோடு லெ ழாந்தி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். புயல் அவர் கப்பலை மீண்டும் மொரீசியசுக்கே துரத்தியது. ஒருவாறு ஒரு ஸ்பானியக் கப்பலில் இடம் பெற்று, ஸ்பெயினில் இறங்கி, பிரனீஸ் மலையைத் தரைவழியே கடந்து 1771 அக்டோபர் 8-இல் தாய்நாட்டில் கால் வைத்தார். புறப்பட்டுப் பதினோராண்டுகளும் ஆறு மாதங்களும் ஆகியிருந்தன.

ஊரிலோ அவர் இறந்துவிட்டதாகவே பேச்சு. உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்திலும் அவருடைய பழைய இடம் அவருக்கு இல்லாமற் போயிருந்தது. தாம் உயிருடன் இருப்பதை ஊரார்க்குக் காட்ட வேண்டிய நிலை! நீதிமன்றம் சென்றும் இழந்த பொருள் கிட்டவில்லை; வழக்குச் செலவே மிஞ்சியது. ஆயினும் காலம் அவருக்கு முற்றிலும் கொடுமை செய்துவிடவில்லை. கழகத்தில் மீண்டும் இடம் கிடைத்தது. திருமணம் செய்துகொண்டார், பெண் குழந்தை பிறந்தது. தம் பயண நூலை 1779-இலும் 1781-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபர் 22-இல் அமைதியாக மறைந்தார். நிலவிலுள்ள பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கதிரவனின் தொலைவும் கண்டறியப்படாமல் போகவில்லை. தாகித்தியில் குக்கும், கலிபோர்னியாவில் ஷாப்பும், இன்னும் பலரும் தந்த கணிப்புகளைக் கொண்டு லலாந்த் 1771-இல் ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 14 கோடியே 96 இலட்சம் கிலோமீட்டர். ஷாப் தம் கணிப்பை முடித்த சில வாரங்களில் காய்ச்சலுக்குப் பலியானார். ஒருவருக்கு மேகம், ஒருவருக்கு மரணம். ஆனாலும் பலர் பார்த்ததால் விடை கிடைத்தது.

மேகத்தை ஊடுருவும் காது

அந்த நாளில் மேகத்தை வெல்ல வழியில்லை. இன்று உண்டு. வானொலி அலைக்கு மேகம் ஒரு தடையன்று.

பாகூர் ஏரிக்கரையில் ஒருவர் பறை முழக்குகிறார் என்று கொள்வோம். முதலில் நேரே வரும் ஒலி கேட்கும்; பிறகு எதிரேயுள்ள கட்டடத்தில் மோதித் திரும்பும் எதிரொலி கேட்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு எதிரொலி எவ்வளவு சுற்றி வந்தது என்று சொல்லலாம். பறை முழக்குவது நாமாக இருக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். இவ்வாறே ஒரு வானொலி நிலையம் தன் நிகழ்ச்சிக்காக அனுப்பும் அலை, வானில் செல்லும் விமானத்திலோ எரிகல்லின் மின்னேற்றம் பெற்ற தடத்திலோ பட்டுத் தெறிக்கிறது. நேர் அலையையும் தெறித்த அலையையும் ஒருசேரப் பெற்று ஒப்பிடுவதே கேட்கும் ராடார். அலை விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம் என்றால் 30 கிலோமீட்டர் கூடுதல் பாதை என்று பொருள். வில்லியனூர் நிலையத்தைக் கடக்கும் இரயிலின் ஊதல் கிட்ட வரும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதுபோல, தெறித்த அலையின் அதிர்வெண் மாற்றம் அப்பொருளின் வேகத்தைக் காட்டும்.

இது புதுக்கதையன்று. 1935 பிப்ரவரி 26-இல் இங்கிலாந்தின் தாவென்ட்ரி நகருக்கு அருகே, பி.பி.சி. ஒலிபரப்பின் அலையைக் கொண்டே வாட்சன்-வாட் குழுவினர் ஒரு விமானத்தைக் கண்டறிந்தனர். அதற்கு முன்பே, 1933 நவம்பர் எரிகல் மழையின்போது, கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா வானொலி அலைகளால் மேல்வளி மண்டலத்தின் மாற்றத்தை ஆராய்ந்தார். இன்று பிரான்சின் திஜோன் நகருக்கு அருகே செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் கிராவ் என்னும் ராடார் அனுப்பும் அலையின் எதிரொலியை, ஐரோப்பாவெங்கும் பொதுமக்களில் ஆர்வலர் பலர் தம் வீட்டு மாடியிலிருந்து சிறு அலைவாங்கியும் கணினியும் கொண்டு கேட்கின்றனர்.

ஆனால் ஒரு மாடி போதாது. ஒரே இடத்தில் கேட்டால் பொருள் ஒரு நீள்வட்டத்தின் மீது எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். வில்லியனூரில் ஒரு பள்ளி, பாகூரில் ஒரு பள்ளி, அப்பால் இன்னொரு பள்ளி என்று மூன்று இடங்களில் கேட்டு, மூன்றின் நேரங்களையும் ஒப்பிட்டால்தான் இடம் துலங்கும். 1769-இல் உலகம் செய்ததைச் சிறு அளவில் நம் கொம்யூன்களில் செய்வதே இது. 9-ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு கல்விச்சாலை ஒன்றுக்குக் கொடை அளித்ததைக் கூறும் ஊர் பாகூர். அந்த மண்ணுக்கு இது மிகையான கனவாகுமா?

நாம் கற்க வேண்டியது

வானில் அறியாத ஒளி ஒன்றைக் கண்டால் வேற்றுலகக் கலம் என்று ஆர்ப்பரிப்போர் உண்டு. கட்டுக்கதை என்று நகைப்போரும் உண்டு. இரு சாராரும் நேரத்தைக் குறிப்பதில்லை, திசையைக் குறிப்பதில்லை. லெ ழாந்தி குறித்தார். கண்டதைக் கண்டதாகவும், காணாததைக் காணாததாகவும் எழுதினார். நாளும் நேரமும் இடமும் இல்லாத காட்சி பயன்படாது என்று அறிந்ததால், கடலில் தெளிவாகக் கண்டதையும் வெற்றி என்று சொல்லிக்கொள்ளவில்லை. விமான நேரம், செயற்கைக்கோள் பாதை, எரிகல், பலூன் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து நீக்கிய பின்னும் எஞ்சி நிற்பதே உண்மையில் அடையாளம் தெரியாதது. எஞ்சியதையும் அப்படியே ஏட்டில் விட்டுவைக்கும் நேர்மை வேண்டும். அது பின்வருவோர்க்குப் பயன்படும்.

2004-இலும் 2012-இலும் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடந்தது. அடுத்தது 2117-இல். அதை நம்மில் யாரும் காணப்போவதில்லை. ஆனால் அதைக் காணப்போகிறவர்களுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய ஒன்று உண்டு. புதுச்சேரி மண்ணில் ஒருவர் காத்திருந்தார், தோற்றார், ஆனால் பொய் எழுதவில்லை என்ற நினைவே அது. மேகம் அவர் கண்ணை மறைத்தது. அவருடைய ஏட்டை அது மறைக்கவில்லை.